காரணம்: மேற்படி

டீச்சர்,

இன்று மத்தியானம் அலுவலக அறையின் பழைய அலமாரியைத் திறந்தேன். நாப்தலின் உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. முதலில் தும்மல் வந்தது, பிறகு நினைவில் நீங்கள் வந்தீர்கள். இந்த வரிசைக்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் இருந்த காலத்திலும், உங்கள் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்பதற்கு முன்பே எனக்கு ஏதாவது ஒன்று வந்துவிடும். பெரும்பாலும் வயிற்று வலி.

நம் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதற்குத் தனி அறை, குளிர் சாதனம், உள்ளே போகும் யாரும் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று ஒரு பலகை. மாரியம்மன் கோயிலில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை. அதை இயக்க, திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பெண் வருகிறாள். பழைய சேர்க்கை நீக்கப் பதிவேடுகளை எல்லாம் அதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எந்தப் பிள்ளை எப்போது சேர்ந்தது, எப்போது நின்றது, ஏன் நின்றது. நான் படிக்க, அவள் தட்ட, வேலை வேகமாகத்தான் போயிற்று, பெண் பிள்ளைகளின் பக்கம் வரும்வரை.

"சார், இந்தக் கடைசிக் கட்டத்துல இன்னா எழுதிக்கீறீங்க?"

"மேற்படி."

"அப்படின்னா?"

"மேல இருக்கிற பேருக்கு இன்னா எழுதியிருக்கோ, அதேதான் இதுக்கும்னு அர்த்தம்."

"மேலேயும் மேற்படின்னுதான் கீது."

"அதுக்கும் மேல பாரு."

அவள் மேலே பார்த்தாள். பக்கத்தைப் புரட்டினாள். அதற்கு முன்பக்கமும் புரட்டினாள். கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரித் தேடிக் கடைசியில் பிடித்துவிட்டாள். "குடும்பச் சூழ்நிலை. ஐயே, இவ்ளோதானா? கவலைய உடுங்க சார். மொதல் கட்டத்துல ஒரு வாட்டி அடிச்சி, அப்படியே கீழ இழுத்து வுட்டா அடி வரைக்கும் தன்னால ரொம்பிக்கும்."

சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினாள். நான் வருடக்கணக்காகக் கை வலிக்க எழுதிய சோம்பேறித்தனத்தை அந்த இயந்திரம் கண் மூடித் திறப்பதற்குள் செய்து முடித்தது. திரை முழுக்கக் குடும்பச் சூழ்நிலை, குடும்பச் சூழ்நிலை, குடும்பச் சூழ்நிலை.

"அழி!" என்று கத்திவிட்டேன் டீச்சர். அந்தப் பெண் பயந்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். நாளை வரை எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். வந்ததிலிருந்து உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தை ஆரம்பித்ததற்குப் பிறகு மூன்று தடவை எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தேன். குழாயில் தண்ணீரே வரவில்லை. மூடின குழாயைத்தான் மூடினேன்.

நான் ஏன் கத்தினேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தவரிடம் சொல்வதுதான் எனக்குச் சுலபம்.

எண்பதுகளின் நடுவில், நீங்கள் நாற்பத்து நான்கு வயது வரலாற்று ஆசிரியை. நான் முப்பது வயது எழுத்தர், கல்யாணமாகாதவன், வயிற்றில் புண் உள்ளவன், கையெழுத்து மட்டும் அழகு. அம்பத்தூர் எஸ்டேட் ஆலைகளில் சங்கு ஊதினால்தான் நம் பள்ளியில் மணி அடிப்பார்கள். நம் கடிகாரத்தை அதுவே நம்பாது. ஒன்பதாம் வகுப்பில் பெண்கள் பக்கம் பெஞ்சுக்கு ஆறு பேர் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். அடுத்த ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போனால் அதே பெஞ்சில் மூன்று பேர் கையை வீசிக்கொண்டு உட்காரலாம். மற்றவர்களுக்கு அது காற்றோட்டமாகப் பட்டது. நீங்கள்தான் "மீதி மூணு பேர் எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஆசிரியர் அறையில் கேட்டீர்கள், காலைக் கூட்டத்தில் கேட்டீர்கள். உங்களைக் கண்டால் டீத்தம்ளரோடு எழுந்து போகிறவர்கள் கூடிப்போனார்கள். நானும் ஒருவன்.

அப்போதுதான் அந்த விளம்பரம் பத்திரிகையில் வந்தது. டெல்லியில் இருக்கும் ஏதோ ஒரு அறக்கட்டளை. கல்வியில் ஆண், பெண் சமத்துவம் பற்றி ஆராய, பாதிப் பணிக்காலத்தைத் தாண்டிய ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஓராண்டு ஃபெல்லோஷிப். வயது வரம்பு நாற்பத்தைந்து. நடுவயதுக்காரர்களுக்கு இந்த நாட்டில் யாராவது எதையாவது கொடுக்கிறார்கள் என்றால் அது மூக்குக் கண்ணாடிதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். நீங்கள் அந்தத் துண்டுக் காகிதத்தை வெட்டி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "இந்த வருஷம் விட்டா எனக்கு அடுத்த வருஷம் கிடையாது. நீதான் டைப் அடிக்கணும். தப்பில்லாம அடிக்கணும்."

வரம்புக்குள் உங்களுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு வருடம். அதற்கு முன் நீங்கள் பிள்ளை பெற்றீர்கள், மாமியாரைப் பார்த்தீர்கள், பகுதி நேரத்தில் எம்.ஃபில். முடித்தீர்கள். உங்கள் முறை வந்தபோது வாசலை மூடிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளித் தாளாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும். அவர் அறைக்கு நீங்கள் போனபோது நானும் கோப்போடு நின்றேன், வேடிக்கை பார்க்க.

"சமத்துவமா?" என்றார் தாளாளர். "இன்னா டீச்சர் நீங்க. நம்ம ஸ்கூல்ல பொண்ணுங்களுக்குத் தனி கேட்டே வெச்சிக்கீறோம். அதுக்கு மேல இன்னா சமத்துவம்? நாப்பத்து நாலு வயசுல ஆராய்ச்சி பண்ணி கலெக்டர் ஆவப் போறீங்களா?"

வெளியே வந்ததும் உங்கள் வகுப்பறைத் தமிழ் கழன்று, பிறந்த ஊரான காட்டுப்பாக்கம் வந்துவிட்டது. "கேட்டை எண்ணுறான் பாரு. உள்ள வந்த பொண்ணு எங்க போச்சுன்னு எண்ணத் தெரியல இந்தாளுக்கு."

அந்த வாரம் பஸ் பாஸுக்காகப் பிள்ளைகள் கேட்ட சான்றிதழ்கள் ஒரு கட்டு இருந்தது. அதன் நடுவில் உங்கள் கடிதத்தைச் செருகி, மத்தியானச் சாப்பாடு முடிந்து தாளாளருக்குக் கண் சொக்குகிற நேரமாகப் பார்த்து நீட்டினேன். அவர் ஒரு மூலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டார். மேலே பிள்ளையா, நீங்களா, எதையும் பார்க்கவில்லை. ஃபெல்லோஷிப் கிடைத்ததும் அவரே அறிவிப்புப் பலகையில் 'எமது ஊக்கத்தால்' என்று எழுதி ஒட்டச் சொன்னது தனிக்கதை. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற மனிதன் என்று அவரைப் பற்றி அம்பத்தூர் முதல் ஆவடி வரை சொல்லிச் சிரித்தேன். கேட்காமல் எழுதுகிற மனிதன் ஒருவன் அதே அறையில் இருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நீங்கள் விடுப்பில் போய் ஆறு மாதம் ஆனபோது உறைத்தது.

அன்று நீங்கள் அலுவலகத்துக்குள் வந்து, நாற்காலியைக்கூட இழுக்காமல், பதிவேட்டைத் தரையில் விரித்து உட்கார்ந்தீர்கள். கையில் டெல்லிக் கடிதம். உங்கள் இடைக்கால அறிக்கையைப் படித்தவர்கள் எழுதியிருந்தார்கள்: படிப்பை நிறுத்திய எல்லாப் பெண்களுக்கும் ஒரே காரணம்தான் என்று பள்ளி ஆவணம் சொல்கிறது, அப்படியானால் ஆராய என்ன இருக்கிறது? மூன்று மாதத்துக்குள் விளக்கம் தராவிட்டால் மீதி ஆய்வுக்காலம் ரத்து.

"இது யாரோட கையெழுத்து?" என்றீர்கள்.

"என்னோடதுதான் டீச்சர். நல்லா கீதில்ல?"

நீங்கள் சிரிக்கவில்லை. "பையன்களுக்கு விதவிதமா எழுதியிருக்க. தொழிற்பயிற்சி சேர்ந்தான், பூந்தமல்லிக்கு மாற்றல், பெரியப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறான். பொண்ணுங்களுக்கு?"

"பையன்னா அப்பங்காரன் வந்து டி.சி. கேப்பான் டீச்சர். இன்னா காரணம்னு அவனே சொல்லிடுவான். பொண்ணுங்களுக்கு யாரும் வர்றதில்ல. ரொம்ப நாளா வரலன்னா நாமளே பேரை அடிச்சிடுறோம். டி.சி. எழுதி வெச்சிட்டா வேலை முடிஞ்சுது."

"காரணம்?"

"ஒரு கட்டம் காலியா இருந்தா தணிக்கையில கேப்பாங்க. அதான்..."

"யாரைக் கேட்டு எழுதின?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் அப்படித்தான் எழுதுவாரு டீச்சர்."

"குடும்பச் சூழ்நிலைன்னா யாரு அது? எந்தத் தெரு? காலையில பல்லு வெளக்குமா? சாப்பிடுமா? பேர் சொல்லு, போய்ப் பார்த்துட்டு வரேன்."

உங்கள் விரல் கட்டத்தில் மேற்படி மேற்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கத்தின் அடியிலிருந்து நாலாவது பெயரை அது தாண்டும்வரை நான் அந்த விரலையே பார்த்தேன். அது தனம். என் தங்கை.

எங்கள் வீட்டுக் கதை அன்று உங்களுக்குத் தெரியாது, பிறகுதான் தெரிந்தது. அப்பா செம்பரம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்து, எஸ்டேட்டில் சுமை தூக்க வந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். எனக்கு இந்த வேலை கிடைத்த வருடம் அம்மா போல்ட் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு வயிற்றில் புண். காரம் கூடாது, புளி கூடாது, வேளா வேளைக்குச் சூடாகக் குழைந்த சோறு வேண்டும் என்று டாக்டர் சொன்னதை வீட்டில் அரசாணை மாதிரி வாசித்தேன். யார் ஆக்குவது? தனம் அப்போது ஒன்பதாவது. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அது பெரிய பெருமை இல்லை, எங்கள் வீட்டுக் கோழிகூட என்னைவிடக் கணக்கில் கெட்டி. "ஒரு வருஷம் நிக்கட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பள்ளிக்கு வந்து, முப்பது நாள் ஆனதும், அவள் பெயரை நானே அடித்தேன். காரணக் கட்டத்தில் 'மேற்படி' போட்டேன். சூடான சோறு சாப்பிட்ட கைதான்.

உங்கள் ஃபெல்லோஷிப் நிற்குமா விழுமா என்பது அந்தக் கட்டத்தில் தொங்கியது. அந்தக் கட்டத்தைப் பொய்யால் நிரப்பியவன் உங்கள் எதிரில் பல்லிளித்துக்கொண்டு நின்றான்.

என் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறக்கச் சொன்னீர்கள். யாரும் வந்து வாங்காத டி.சி.க் கட்டு அங்கே இருந்தது, நூல் போட்டு. அத்தனையும் பெண்கள் பெயர். நீங்கள் கட்டைக் கையில் எடை பார்த்தீர்கள். "காரணம் கேக்க வந்தோம்னு போனா கதவைச் சாத்துவாங்க. டி.சி. குடுக்க வந்தோம்னு போவோம். நீயும் வர. நீ எழுதின விலாசத்தை உன்னைத் தவிர ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்."

அது உண்மை. 'ஏரிக்கரை', 'புளியமரத்துக்கு எதிரில்', 'முருகேசன் வீட்டுக்குப் பின்னால்' என்றெல்லாம் எழுதியிருந்தேன். புளியமரத்தை வெட்டியிருந்தார்கள்.

சனி, ஞாயிறு தவறாமல் அலைந்தோம். உங்கள் வீட்டுக்காரர் முதல் நாள் ஆவடி ஸ்டேஷனில் என்னைத் தனியே கூப்பிட்டு, "கூட்டிக்கினு போ தம்பி, பத்திரமா கூட்டிக்கினு வா. நடுவுல அவகிட்ட வாய் மட்டும் குடுக்காத. நான் இருபது வருஷமா குடுத்துட்டு ஒக்காந்துக்கீறேன்" என்றார். ஆசிரியர் அறையில் நம் இருவரையும் பற்றிப் பேசிய பேச்சு உங்கள் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என்னைப் பற்றி வேறு யாரும் எதுவும் பேசுவதில்லை.

வீட்டுக்கு வீடு ஒரு காரணம் இருந்தது; அவர்கள் சொன்னதை அப்படியே நீங்கள் ஒரு ஃபாரத்தில் எழுதிக்கொண்டீர்கள். எதுவும் மேற்படி இல்லை. பூந்தமல்லிச் சாலையில் ஒரு தகப்பன் சொன்னார்: "மூத்தவன் பெயில் ஆயிட்டான் டீச்சரம்மா. இது பாஸ் ஆயிடுச்சி. ரெண்டும் ஒரே கிளாஸ்ல குந்தினா பையன் மனசு உடைஞ்சிப் போவாதா? அதான் இத்த நிறுத்திட்டேன்." பையன் மனசு உடையாமல் வாசலில் கோலி ஆடிக்கொண்டிருந்தது, மீசையோடு. அந்தப் பெண் உள்ளிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாஸான பெண். நீங்கள் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தீர்கள்.

இன்னொரு வீட்டில் ஒரு பெண் என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வெளியே போய் நின்ற பிறகு உங்களிடம் சொன்னாளாம், நம் பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இல்லை, வயசுக்கு வந்த பிறகு அங்கே போக முடியவில்லை என்று. தெரு முனையில் நீங்கள் அதைச் சொன்னபோது, "கதவு இருந்துதே டீச்சர்" என்றேன்.

"எப்போ?"

யோசித்துப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் இருந்திருக்கலாம். தனி கேட் இருந்தது. அது நினைவுக்கு வந்ததும் நீங்கள் நடுத்தெருவில் நின்று சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்தீர்கள். எது முதலில், எது பிறகு என்று நான் பார்க்கவில்லை.

கட்டு மெலிந்துகொண்டே வந்தது. ஒரே ஒரு டி.சி.யை மட்டும் வாரா வாரம் அடியில் தள்ளிக்கொண்டே இருந்தேன். தனம் கல்யாணமாகி வேப்பம்பட்டில் இருந்தாள். வேப்பம்பட்டுப் பக்கம் வேறு ஒரு பெண்ணும் இருந்தாள்; அவள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றோம். நான் கட்டை இறுக்கி நூல் போட்டேன்.

"அடியில ஒண்ணு கீது," என்றீர்கள், தண்டவாளத்தைப் பார்த்தபடி. "ஒரு மாசமா அடியிலயே கீது. அதுக்குக் கால் வலியா?"

"விலாசம் தெரியல டீச்சர்."

"இனிஷியல் தெரியுதில்ல? உன் இனிஷியல்தான். நானும் ஒரு மாசமா பார்க்கிறேன்."

ரயில் வந்தது, போயிற்று. நாம் ஏறவில்லை. நான் சொன்னேன். வயிற்றுப்புண், குழைந்த சோறு, 'ஒரு வருஷம் நிக்கட்டும்', எல்லாம். நடுவில் இரண்டு ஜோக் அடித்துப் பார்த்தேன். எடுபடவில்லை. நீங்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அங்கேயே கணக்குத் தீர்ந்திருக்கும்.

பையிலிருந்து ஒரு வெற்று ஃபாரத்தை எடுத்து நீட்டினீர்கள். "இந்த வீட்டுக்கு நான் வரல. நீ போ. காரணத்தை நீ எழுதாத. அவ சொல்றத எழுது."

"இவ்ளோ நாள் கழிச்சி நான் போய் இன்னான்னு கேப்பேன் டீச்சர்?"

"முதல் வாட்டி கேக்கிற மாதிரி கேளு. முதல் வாட்டிதானே கேக்கப் போற?"

அடுத்த ரயிலில் நீங்கள் தனியாக ஏறிப் போனீர்கள்.

தனம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். டி.சி.யைக் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மெதுவாகப் படித்தாள்.

"என் பேரை எவ்ளோ அழகா எழுதிக்கீற அண்ணே."

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அங்க அடையாளம் ரெண்டு கேட்டுக்கீறான். நீ ஒண்ணுதான் போட்டுக்கீற. கழுத்துல மச்சம்னு. ரெண்டாவது காலியா கீதே?" என்றவள் இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளையாக, நீளமாக, ஒரு தழும்பு. "கஞ்சி வடிக்கிறப்போ சரிஞ்சிடுச்சி. உனக்கு ஸ்கூலுக்கு நேரமாயிடுச்சின்னு நின்னுகினு இருந்த. அதையும் எழுதிக்கோ."

ஃபாரத்தை எடுத்தேன். "காரணம்னு ஒரு கட்டம் கீது தனம். நீ சொல்லு."

"எழுதினவனே நீதான். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொல்லணும்."

புடைத்த அரிசியில் ஒரு கல் பொறுக்கிப் போட்டாள். "அண்ணனுக்குச் சோறு ஆக்க. எழுது."

எழுதினேன்.

"எழுதிட்டியா? படி."

படித்தேன்.

"ம். உள்ள வா, சாப்ட்டுட்டுப் போ. உனக்கு உப்பு, காரம் இல்லாம தனியா ரசம் வெக்கிறேன்."

டீச்சர், இதை உங்களிடம்கூடச் சொல்லவில்லை. என் வயிற்றுப்புண் அவள் கல்யாணத்துக்கு முன்பே ஆறிவிட்டது. தனிச் சமையல் நின்றுவிடுமே என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. அன்று அவள் வீட்டில் அந்தப் பச்சைத்தண்ணீர் ரசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஃபாரங்களின் நகல்களோடு நீங்கள் அனுப்பிய விளக்கத்தை டெல்லி ஏற்றுக்கொண்டது. மீதி ஆறு மாதம் தப்பியது. முடிவில் அங்கே ஒரு பெரிய கருத்தரங்கு. நீங்கள் போய்விட்டு வந்து, சித்திரை வெயிலில் எனக்குக் கம்பளி மஃப்ளர் கொடுத்தீர்கள். நான் கேட்டேன், "தனத்தைப் பத்திச் சொன்னீங்களா டீச்சர்?"

"சொல்லல. அவ காரணத்தைச் சொன்னேன். அப்புறம் உன்னைப் பத்திச் சொன்னேன்."

"ஐயையோ."

"பேர் சொல்லல. எங்க ஸ்கூல்ல ஒரு கிளார்க் இருக்கார், கேக்காம எழுதினார், இப்போ கேட்டுட்டு எழுதுறார்னு சொன்னேன். ரொம்ப நேரம் கை தட்டினாங்க."

"எனக்கா?"

"எனக்கு. உனக்குச் சிரிச்சாங்க."

பெயர் இல்லாமல் டெல்லியில் பிரபலமான ஒரே அம்பத்தூர்க்காரன் நான். நீங்களோ திரும்பி வந்ததும் பழையபடி ஒன்பதாம் வகுப்பு வரலாறு. பதவி உயர்வு இல்லை. உங்கள் அறிக்கையை நூலகத்தில் அட்லஸுக்கும் அகராதிக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார்கள். கண்ணுக்குத் தெரிந்து நடந்தது ஒன்றே ஒன்று. பெண்கள் கழிப்பறைக்குக் கதவு வந்தது. தாளாளர் அதற்கும் ரிப்பன் வெட்டலாம் என்றார். நீங்கள்தான், "வெட்டுங்க சார், உள்ள யாரும் இல்லாதப்போ வெட்டுங்க" என்றீர்கள்.

இதுவரை நேற்று எழுதினேன். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. மீதியை இப்போது அலுவலகத்தில், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று நல்ல மழை. காட்டுப்பாக்கத்தில் குடை கொள்ளாமல் பெண்கள் நின்றார்கள். சிலர் இடுப்பில் பிள்ளை, சிலர் கம்பெனிச் சீருடை. யார் இவர்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். எனக்கு ஒவ்வொருவருடைய சேர்க்கை எண்ணும் தெரியும். தனமும் வந்திருந்தாள். என்னோடு நிற்காமல் அவர்களோடு போய் நின்றாள்.

இன்று காலை இழுப்பறையிலிருந்து உங்கள் ஃபாரங்களை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான். அந்தப் பெண் நேற்றைய கோபத்தில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். கதவு விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெயராக நான் படிக்க, அவள் அடித்தாள். அண்ணன் பெயில், இவள் பாஸ். கழிப்பறைக்குக் கதவு இல்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம்கூட முடியவில்லை. ஃபாரம் இல்லாத பெயர்கள் இன்னும் இருக்கின்றன, நீங்கள் போக முடியாமல் விட்டவை. அந்தக் கட்டங்களைக் காலியாக விடச் சொல்லிவிட்டேன். தணிக்கையில் கேட்கட்டும். சனிக்கிழமைகள் எனக்கு எப்படியும் வீட்டில் உட்கார முடிவதில்லை.

இடது பக்கம், அடியிலிருந்து நாலாவது பெயர் வந்தது. படித்தேன். அடித்தாள். அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"அண்ணனுக்குச் சோறு ஆக்க. இன்னா சார் இது, இப்படியெல்லாமா போடுவாங்க? யார் சார் அந்த அண்ணன்?"

உங்கள் குரலில்தான் கேட்டது அந்த 'யார்'. இத்தனை வருடமும் என் பேனாவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற 'யார்'.

"நான்தாம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். மேசையில் இருந்த என் டிபன் டப்பாவைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில், அந்தக் கட்டத்தின் மூலையில் கொண்டுபோய் அம்புக்குறியை வைத்தாள்.

"கீழ இழுத்து வுடட்டுமா சார்?"

"வேணாம்மா," என்றேன். "கீழ கீறது வேற பொண்ணு."